காபி கொடுத்து விற்ற வயலின்

இருபது ஆண்டுகளாக வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சொன்னார்கள். வில்லை எடுத்து இழுத்தேன். ஸ-ப-ஸ-ப நான்கு தந்தியும் பிசிறில்லாமல் சேர்ந்து நின்றன. அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும். இன்னொரு கையில் காபி டம்ளர் இருந்தது, வரவில்லை. 32,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய வாத்தியம் வாங்கப் போகிறவர்கள், அதிலும் 'உள்ளூர் விளம்பரம், நேரில் பார்த்துத்தானே வாங்குகிறோம்' என்ற தெம்பில் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போகவும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. முக்கால் அளவு வயலினுக்குக் கை நீண்டுவிட்டது. "முழு அளவுக்கு மாற்றிவிடுங்கள். மலிவான புதியதைவிடப் பழைய ஜெர்மன் கிடைத்தால் நல்லது" என்று அவளுடைய டீச்சர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஆறு மாதம் அலைந்தேன்.

முதலில் வெளிநாட்டு இணைய ஏலத்தில் இறங்கினேன். ஏமாற்று என்றால் அங்கேதான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயம் பொய்யில்லை. உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதிரே ஆள் ஏற ஏற, உங்கள் சார்பில் தளமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு முறை, இதுவரை எதையுமே வாங்கியிராத ஒரு கணக்கு வந்து, என் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தள்ளிவிட்டு நின்றுகொண்டது. விற்பவரின் ஆளாக இருக்கலாம் என்று சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. மூன்றாவது முறை, கடைசிப் பத்து விநாடியில் விலை போட்டு ஒரு வயலினை எடுத்தேன். ஏலத் தொகை அளவுக்கு இன்னொரு மடங்கு அஞ்சலுக்கும் சுங்கத்துக்கும் போயிற்று. பெட்டியைத் திறந்தால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சரிந்து, வயலினுக்குள் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டிய சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அதைவிட, எஃப் என்ற ஆங்கில எழுத்து வடிவில் இருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் மேல்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

ஆனால் விற்றவர் "விரிசல் எதுவும் இல்லை" என்று தம் கையாலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. படம் எடுத்து அனுப்பினேன், அவர் முரண்டு பிடித்தார், தளத்தில் முறையிட்டேன். மூன்று வாரத்தில் பாதிப் பணம் திரும்பி வந்தது.

அந்த மூன்று வாரப் பொறுமையின்மையில்தான் உள்ளூர் விளம்பரங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, பார்சல் செலவுக்கு மட்டும் 1,999 அனுப்புங்கள் என்று ஒருவர் உடனே வந்தார். இந்த வித்தை ஊரறிந்தது; அடையாள அட்டைப் படம் கூட அனுப்புவார்கள். இதே ஆட்கள், நாம் எதையாவது விற்கப் போனால், பணம் தருகிறேன் என்று கியூஆர் படம் அனுப்பி, ஸ்கேன் செய்து நம் ரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நான் இவரிடம் மாட்டவில்லை. அதில் வந்த கர்வம்தான் அடுத்த ஆளிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

"அண்ணா வாசித்த பழைய ஜெர்மன் வயலின். நல்ல கைக்குப் போனால் போதும்." ஒரே வரி, ஒரே படம். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீடு. வாசலில் கோலம், உள்ளே சிவப்புத் தரை, சுவரில் மாலை போட்ட படம். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் எழுந்து நின்று, "வாருங்கள் தம்பி, வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் காபி" என்றார். மகள் யாரிடம் படிக்கிறாள், வர்ணம் முடிந்துவிட்டதா என்றெல்லாம் விசாரித்தார். அண்ணா போன பிறகு அதைப் பார்க்கவே மனசு வரவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். அந்தக் காபியைக் குடித்துவிட்டு, செத்துப்போன அண்ணாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, கைப்பேசி விளக்கை எஃப் ஓட்டைக்குள் அடித்துப் பார்க்க முடியுமா? இணைய ஏலத்தில் முகம் தெரியாத ஆளிடம் பதினேழு கேள்வி கேட்டவன் நான். இங்கே கேட்டது ஒரே கேள்வி: "கொஞ்சம் குறைத்துக்கொள்வீர்களா?" 38,000 என்றவர் 32,000-க்கு இறங்கினார். வங்கிக் கணக்கெல்லாம் பையன் பார்த்துக்கொள்கிறான், ரொக்கமாக இருந்தால் சௌகரியம் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. இருபது வருடம் மூடிக் கிடந்த வயலினில் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஒன்று இறுகியிருக்கும், இல்லை வழுக்கியிருக்கும். சுருதி எங்கேயாவது இறங்கிக் கிடக்கும். வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருக்கும். இதில் மயிர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரிட்ஜுக்குக் கீழே, வில்லில் தடவும் ராசின் தூள், நேற்று வாசித்தது போல மாவாகப் படிந்திருந்தது. மடியில் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். பழைய மரத்தின் வாசனை இல்லை, பாலிஷ் வாசனை.

மறுநாள் வயலின் பழுதுபார்க்கும் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர், பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியை எஃப் ஓட்டை வழியாக விட்டு, ஒரு சின்ன விளக்கையும் விட்டு, நெடுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு என்னையே பார்க்கச் சொன்னார். பின்பலகையில் சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு துணி. அதைச் சுற்றிப் பசை வழிந்து மஞ்சளாக உறைந்திருந்தது.

சவுண்ட் போஸ்ட் என்பது மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் சிறு குச்சி. அதை ஒட்டுவதில்லை, அழுத்தத்திலேயே நிற்கும். வயலினின் நாதம் அதை நம்பித்தான் இருக்கிறது. அது மிதிக்கிற இடத்திலேயே பின்பலகை பிளந்தால், வயலினுக்கு வரக்கூடிய விரிசல்களில் மோசமானது அதுதான். தந்தியை முறுக்க முறுக்க வாய் திறக்கும். முறையாகச் சரிசெய்ய மேல்பலகையைக் கழற்றி, உள்ளே குடைந்து, புது மரம் பதிக்க வேண்டும். "துணியை ஒட்டி, வெளியே பாலிஷ் அடித்து மறைத்திருக்கிறார்கள் சார். பழுது பார்க்கிற செலவுக்கு வேறு வயலினே வாங்கலாம்" என்றார்.

விளக்கு வெளிச்சத்தில் லேபிளும் தெளிவாகத் தெரிந்தது. 'அன்டோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்சிஸ்', ஆண்டு 1721. வாங்கும்போது அதைப் பார்த்து எனக்குள் ஒரு சபலம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன். உலகப் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650 வாத்தியங்கள், வயலின் மட்டுமில்லாமல் செல்லோவும் சேர்த்து. அவர் செய்த 'லேடி பிளன்ட்' என்ற வயலின் 2011-இல் 1.59 கோடி டாலருக்குப் போயிற்று. விற்றது எங்கே தெரியுமா? இணைய ஏலத்தில். தாம்பரத்தில் இல்லை.

அவர் பெயர் போட்ட லேபிள் இருப்பதே மோசடி என்று சொல்லிவிட முடியாது என்பதையும் பட்டறைக்காரர்தான் விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் வயலின் குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் பலகை. வியாபாரிகள் சேர்த்து உலகமெங்கும் அனுப்பினார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கு அடையாளமாக ஸ்ட்ராடிவாரி லேபிளை ஒட்டினார்கள். சிலவற்றில் அதற்குக் கீழேயே 'ஜெர்மனி' என்றும் அச்சிட்டிருக்கும்; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டதன் விளைவு அது. நான் ஏலத்தில் எடுத்ததிலும் அப்படி ஒரு லேபிள் உண்டு. விற்றவர் 'நகல்' என்று எழுதியே விற்றார்.

என் தாம்பரத்து லேபிளோ அந்தக் கௌரவம் கூட இல்லாதது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வீட்டு பிரிண்டரின் வண்ணப் புள்ளிகள் தெரிந்தன. டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றியிருந்தார்கள். பலகை விளிம்பைச் சுற்றிப் பதித்திருக்க வேண்டிய மெல்லிய மரக்கோடு, வெறும் மை. விரல்பலகையில் தந்தி அறுத்த பள்ளங்களைக் கறுப்புச் சாயத்தால் மூடியிருந்தார்கள். விரலை வழுக்கி வழுக்கிக் கமகம் பிடிக்க வேண்டிய நமக்கு அந்தப் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு குழி.

பெரியவரின் எண் அணைந்திருந்தது. விளம்பரம் மறைந்திருந்தது, படம் எடுத்து வைக்கவில்லை. நேரில் போனேன். அந்த வீடு மாத வாடகைக்கு விட்டது, காலி செய்துவிட்டார்கள் என்றார் கீழ் வீட்டு அம்மா. காவல் நிலையத்தில் ரசீது கேட்டார்கள். இல்லை. பணம் அனுப்பிய சான்று? ரொக்கம்.

வக்கீல் நண்பரிடம் போய் அழுதேன். சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேடிக்கையாக அதுவும் 1930-தான், ஆண்டு. அதன் 16-ஆவது பிரிவின்படி, பொருளின் தரத்துக்கு விற்பவர் பொதுவாகப் பொறுப்பில்லை. வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பொருளையே தொழிலாக விற்கும் வியாபாரி என்றால் கதை வேறு. அப்போதும், வாங்குகிறவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வியாபாரி பொறுப்பில்லை. "மோசடி என்று புகார் கொடுக்கலாம். ஆனால் ஆளையும் காட்ட வேண்டும், சொன்ன பொய்யையும் காட்ட வேண்டும்" என்றார் நண்பர். அப்போதுதான் அந்த மாலை போட்ட படத்தின் முழு உபயோகமும் எனக்கு விளங்கியது. வியாபாரி, வீட்டுக்காரராக வேஷம் போட்டதில் என் இரக்கமும் கிடைத்தது, சட்டத்திடமிருந்து ஒரு குடையும் கிடைத்தது.

வியாபாரி என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதம் கழித்து, வேறு பெயர், வேறு ஊர் போட்ட விளம்பரத்தில் ஒரு வீணை வந்தது. "அம்மா வாசித்தது." வீணை சாய்ந்திருந்த சிவப்புத் தரையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. காபி டம்ளரை நான் வைத்த இடம் அது. பின்னோக்கித் தேடினேன். அதே பெயர்ந்த பட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்மோனியம் (மாமா), ஒரு புல்லாங்குழல் பெட்டி (தாத்தா). ஒரு குடும்பத்தில் இத்தனை வித்வான்கள் இருந்ததில்லை. வாங்கப் போகும் முன் மற்ற விளம்பரங்களின் தரையைப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லை; உங்களுக்கு இருக்கட்டும். படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

மகள் இப்போது வாசிப்பது ஏலத்தில் வந்த விரிசல் வயலினை. விரிசல் மேல்பலகையில், அதுவும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற மரச்சட்டத்தையும் சவுண்ட் போஸ்டையும் விட்டு ஒதுங்கி இருந்ததால் ஒட்டிக்கொண்டது. நாதம் நன்றாகவே இருக்கிறது.

மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று போன வாரம் நானும் ஒரு விளம்பரம் போட்டேன். "பின்பலகையில் சவுண்ட் போஸ்ட் விரிசல். உள்ளே துணி ஒட்டியது. லேபிள் போலி. அலங்காரத்துக்கு மட்டும். 1,500 ரூபாய்." மூன்று பேர் அழைத்தார்கள். விரிசலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பேரும் கேட்டது, லேபிளில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்றுதான்.