எண்ணிப் பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்

நாங்கள் திருநகரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு ஐந்து வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, யூ.கே.ஜி. படிக்கிறான். மதுரை நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு அவனை முதன்முறையாக அழைத்துப் போன அன்று நடந்ததை, சிறு பிள்ளைகளை அழைத்துப் போகவிருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்த மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்த விதம் தெரிந்தால் எந்த மருத்துவமனை வாசலில் நின்றாலும் உதவும்.

பள்ளியில் நடந்த இலவசப் பல் பரிசோதனை முகாமில்தான் இது தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். அன்று மாலை புத்தகப் பையில் ஒரு சீட்டு வந்தது: ஐந்து பற்களில் சொத்தை, பத்து நாட்களுக்குள் அந்த மருத்துவமனைக்கு வந்தால் பாதிக் கட்டணம். பிள்ளையின் பல்லுக்குக் கெடு வைத்துத் தள்ளுபடி தருகிறார்கள் என்பதைப் பார்த்தபோதே நான் நிதானித்திருக்க வேண்டும்.

பிள்ளையைத் தயார்படுத்துவதில் மட்டும் நான் எதையும் குறைவாகச் செய்யவில்லை. ஒரு வாரம் முழுக்க, இரவு பல் துலக்கியதும் அவனைக் கண்ணாடி முன் நிறுத்தி, மேலே பத்து, கீழே பத்து என்று இருபது பால் பற்களையும் சேர்ந்து எண்ணினோம். என் மடியில் தலைவைத்துப் படுக்கச் செய்து, சிறு கரண்டியின் பின்புறத்தைக் கன்னத்துக்குள் வைத்து, வாயைத் திறந்தபடி பத்து எண்ணும்வரை இருக்கப் பழக்கினேன். அவன் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லவா?" என்று கேட்கும் என் மாமியாரிடம், "அத்தை, கொஞ்ச நாளைக்கு ஊசிப் பேச்சே வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன், அவரும் அதை மதித்து, பேரனோடு உட்கார்ந்து தம் பற்களையும் எண்ணச் சொல்லிக் காட்டினார். "வலிக்காது" என்ற சொல்லையும் நான் தவிர்த்தேன், ஏனென்றால் வலியைப் பற்றி நினைக்காத பிள்ளையும் அந்தச் சொல்லைக் கேட்டால் நினைக்கத் தொடங்கிவிடும். நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "டாக்டர் சின்னக் கண்ணாடிய வச்சு உன் பல்ல எண்ணிப் பார்ப்பாங்க சாமி, அம்மா பக்கத்துலயே இருப்பேன்." அதில் இருந்த இரண்டு வாக்குறுதிகளும் அன்று இரவு பொய்யாயின.

பிள்ளை தெளிவாக இருக்கும் காலை நேரத்தைக் கேட்டேன். மாலை ஏழு மணிதான் இருக்கிறது என்றார்கள். எட்டரை மணிக்கு அழைத்தபோது அவன் என் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். வரவேற்பில் இருந்த பெண் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கப் படிவத்தைக் கொடுத்து, "இது பதிவுக்கு மேடம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். அது சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். இந்தத் தவறு என்னுடையது. இதை மறைக்க விரும்பவில்லை.

உள்ளே நுழையும்போது, "அம்மா இருந்தா பிள்ளை அடம்பிடிக்கும், வெளியே இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லும் நல்ல மருத்துவர்களும் உண்டு. அவர்கள் காரணத்தை முன்கூட்டியே விளக்கி, நம் சம்மதத்தைப் பெற்ற பிறகே அப்படிச் செய்வார்கள். இங்கே கேட்கவே இல்லை. சற்று நேரத்தில் அவன் அலறத் தொடங்கினான். கதவைத் தட்டியபோது, "முடியப் போகுது, இப்ப வந்தீங்கன்னா பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. நாற்பது நிமிடம் கழித்து அவன் வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. இரண்டு மணிக்கட்டுகளும் சிவந்திருந்தன. இரண்டு அக்காமார் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள் என்று மறுநாள் அவனே அப்பத்தாவிடம் சொன்னான்.

மூன்று கடைவாய்ப் பால் பற்களில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தொடங்கிவிட்டதாகவும், கேப் போடுவது உட்பட மொத்தம் 11,500 ரூபாய் ஆகும் என்றும், அன்று 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ரசீதில் "பல் சிகிச்சை" என்ற இரண்டு சொற்களைத் தவிர எதுவும் இல்லை. பெயர்ப் பலகையில் இருந்த மருத்துவர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார் என்பதும், சிகிச்சை செய்தவர் வேறொருவர் என்பதும் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

அதைவிட மோசமான ஒன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடந்தது. பசுமலை தாண்டும்போது அவன் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். மென்றது தன் கீழுதட்டை. மரத்துப்போகும் ஊசி போட்டால் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உணர்வில்லாமல் இருக்கும். அந்த விநோத உணர்வினால் சிறு பிள்ளைகள் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு நீங்கும்வரை உணவு கொடுக்காமல் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, அரை நிமிடம் போதும். ஒருவரும் சொல்லவில்லை. காலையில் உதடு வீங்கி, உள்ளே வெள்ளைப் புண்ணாக இருந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று நடுங்கிப் போனோம். ஆறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

உதடு ஆறிய பின்னும் அவன் வாயைத் திறக்க மறுத்தான். பல் துலக்கும்போது என் கையைத் தள்ளிவிட்டு, "நீங்கதானம்மா எண்ணிப் பார்ப்பாங்கன்னு சொன்னீங்க" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தொடங்கிய சிகிச்சையை அப்படியே விட முடியாது என்பதால், குழந்தைகள் பல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற வேறொரு மருத்துவரிடம் போனோம். பி.டி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் இந்தப் பிரிவிலேயே எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. முதல் நாள் அவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு கருவியையும் முதலில் சொல்லி, பிறகு காட்டி, அவன் விரல் நகத்தில் தொட்டு உணர்த்தி, அதன் பிறகே வாய்க்குப் போவது அவர்கள் படிப்பில் கற்றுக்கொடுக்கும் முறையாம். இரண்டாம் முறை போனபோது எக்ஸ்ரே எடுத்தார்.

அவர் நியாயமாகவே பேசினார். ஏற்கெனவே திறந்துவிட்ட மூன்று பற்களில் முன்பு எவ்வளவு ஆழம் சொத்தை இருந்தது என்று தம்மால் சொல்ல முடியாது என்றார். சீட்டில் குறித்திருந்த மற்ற இரண்டில் ஒன்றில் மேல்பூச்சில் மட்டும் சிறு சொத்தை. இன்னொன்றில் பள்ளத்தில் படிந்த கறை, அவ்வளவுதான். "விழப்போகிற பல்லுக்கு எதற்குச் சிகிச்சை?" என்று என் மாமியார் கேட்டதற்கு, கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை, முன்பே எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து நிலைப் பற்களுக்கு இடம் இல்லாமல் போகும் என்று பொறுமையாக விளக்கினார். ஆகவே பால் பல்லுக்கு வேர் சிகிச்சை என்பதே ஏமாற்று என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் குறை, எக்ஸ்ரே இல்லாமல், எங்களிடம் சொல்லாமல், வலியோ வீக்கமோ இல்லாத பிள்ளைக்கு முதல் நாளிலேயே, பிடித்து அழுத்திச் செய்ததைப் பற்றியது.

அவர் எழுதிக் கொடுத்த தாளில் 74, 75, 84 என்று எண்கள் இருந்தன. பால் பற்கள் ஒவ்வொன்றுக்கும் 51 முதல் 85 வரையிலான வரிசையில் தனி எண் உண்டு. எந்தப் பல்லில் என்ன செய்தார்கள் என்று ரசீதிலும் சிகிச்சைக் குறிப்பிலும் இந்த எண்ணோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முன்பதிவு செய்யும்போதே, பார்க்கப்போகும் மருத்துவர் யார், அவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா, நான் உள்ளே இருக்கலாமா, முதல் நாள் பார்ப்பது மட்டும்தானா என்று கேளுங்கள். சலித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அல்லது ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைகள் பல் மருத்துவர்களின் பரிந்துரை. நாங்கள் ஐந்து வயதுவரை தள்ளிப்போட்டோம்.

முதல் மருத்துவமனையிடம் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருப்பதால், பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

போன சனிக்கிழமை அவன் என் மடியில் உட்கார்ந்தபடி, அந்த மருத்துவரைக் கண்ணாடியால் பன்னிரண்டு பற்கள்வரை எண்ண விட்டான். பிறகு வாயை மூடிக்கொண்டான். மீதி எட்டையும் அடுத்த வாரம் எண்ணலாம் என்று சொல்லி அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.