உளவியலா, குற்றவியலா, இரண்டும் சேர்த்தா? இங்கிலாந்துப் பட்டப்படிப்புகள் பற்றி ஓர் அலசல்

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸின் விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள்தான். குற்றம், மனம் என்று ஆசைப்படுகிற பிள்ளை அந்த ஐந்தை நிரப்பத் தேடும்போது நான்கு வகைப் பட்டங்கள் வரிசையில் வந்து நிற்கும்: உளவியல் மட்டும், குற்றவியல் மட்டும், 'சைக்காலஜி வித் கிரிமினாலஜி', 'கிரிமினாலஜி அண்ட் சைக்காலஜி'. கடைசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்டும் ஓப்பன் டேயில் வழிகாட்ட நிற்கும் மாணவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். பெற்றோர் பாடு இன்னும் கஷ்டம். "போலீசுக்கா படிக்கப் போகிறாய்?" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

கட்டணத்தை வைத்து முடிவு செய்ய வழியில்லை. இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்கு உள்ளூர் மாணவர்களுக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்த உச்சத்தைத்தான் வாங்குகின்றன, எந்தப் பாடமானாலும். பண வித்தியாசம் பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியவரும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிபிஎஸ் முத்திரை

பிரிட்டிஷ் உளவியல் சங்கம், அதாவது பிபிஎஸ், எந்தெந்தப் பட்டங்களில் உளவியல் போதுமான அளவு இருக்கிறது என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டத்தை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்படியிலாவது (இங்கே டூ-டூ என்பார்கள்) முடித்தால் ஜிபிசி என்ற தகுதி, அதாவது பிபிஎஸ்ஸின் பட்டய உறுப்பினராவதற்கான அடிப்படை, கிடைக்கும். சிறைகளிலும் பாதுகாப்பு மனநல மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் ஃபொரன்சிக் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் இந்தத் தகுதி இல்லாமல் நகர முடியாது. அந்தப் பதவிப் பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது. 2009 முதல், இப்போது எச்சிபிசி என்று அழைக்கப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாத யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்பது வேறு கதை.

வழக்கமான பாதை இது: அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டம், பிறகு ஓர் ஆண்டு ஃபொரன்சிக் சைக்காலஜி முதுநிலை, பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு மேற்பார்வையின் கீழ் பயிற்சி வேலை. அதன் பிறகுதான் பதிவு.

தனி உளவியல் பட்டத்துக்குப் பெரும்பாலும் இந்த அங்கீகாரம் இருக்கும். தனிக் குற்றவியலுக்கு இருக்காது. அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. குழப்பமெல்லாம் கூட்டுப் பட்டங்களில்தான். உளவியல் முக்கால், குற்றவியல் கால் என்று அமைந்த 'வித்' வகைப் பட்டங்கள் பலவற்றுக்கு அங்கீகாரம் உண்டு. பாதிக்குப் பாதி என்று அமைந்தவற்றில் சிலதுக்கு உண்டு, சிலதுக்கு இல்லை. இன்னும் சிலவற்றில் நிபந்தனையோடு உண்டு: இறுதி ஆண்டு ஆய்வு உளவியலில், நேரடித் தரவை வைத்துச் செய்ததாக இருக்க வேண்டும், அதில் தேர்ச்சியும் பெற வேண்டும். சிறைத் தண்டனைக் கொள்கை பற்றி ஆசையாக ஓர் ஆய்வேடு எழுதி, அதனாலேயே ஜிபிசியைத் தவறவிட இடமுண்டு. பெயரைப் பார்த்தோ பிஎஸ்சியா பிஏவா என்று பார்த்தோ இதைச் சொல்ல முடியாது. பிபிஎஸ் இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வண்ணக் கையேட்டைத் திறக்கும் முன் அதைத் திறப்பது நல்லது.

அங்கீகாரம் இல்லாத பட்டத்தை முடித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று இல்லை. 'கன்வர்ஷன்' முதுநிலை என்று ஓர் ஆண்டுப் படிப்பு உண்டு. அதை முடித்தால் ஜிபிசி வந்துவிடும். ஆலோசகர்கள் இதை மிக எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது கடன் விஷயம். ஏற்கெனவே முதுநிலைப் பட்டம் உள்ளவருக்கு அரசின் முதுநிலைக் கடன் மறுபடி கிடைக்காது. கன்வர்ஷனுக்கு அந்தக் கடனை எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஃபொரன்சிக் முதுநிலைக்குக் கைக்காசுதான் போட வேண்டும். லண்டனில் வாடகை கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான பவுண்டை ஒதுக்கக்கூடிய வீடுகள் எத்தனை? பதினேழு வயதில் ஒரு பெட்டியில் போட்ட டிக், இருபத்திரண்டு வயதில் இப்படி வந்து நிற்கும்.

வகுப்பறைக்குள்

உளவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல். மனிதர்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நினைத்து வருவார்கள். முதல் பருவத்திலேயே எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, கிடைத்த முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று காட்டும் பி-மதிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். மூளை, நினைவு, குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், ஆளுமை வேறுபாடுகள் எல்லாம் கட்டாயம். குற்றம் என்ற பேச்சே இரண்டாம் ஆண்டு வரை வராமல் போகலாம். தனி உளவியலை எடுத்துவிட்டுப் பாதியில் சலித்துப்போகிறவர்களின் குறை பெரும்பாலும் இதுதான்.

குற்றவியல் வேறு உலகம். சமூகவியல், சட்டம், வரலாறு, கொள்கை என்று நாலு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்ட பாடம் அது. வாசிப்பு நிறைய, கட்டுரை நிறைய. எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், காவல்துறைப் பதிவுக்கும் மக்களிடம் நேரில் கேட்டு எடுக்கும் இங்கிலாந்து-வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்புக்கும் ஏன் எண்கள் ஒத்துப்போவதில்லை என்பன போன்ற கேள்விகள் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியால் கொல்லப்பட்டதும், அந்த வழக்கின் விசாரணை பற்றிய மெக்பெர்சன் அறிக்கை 1999இல் லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவாதம் இருப்பதாகச் சொன்னதும் இங்கே பாடம். மக்கள்தொகையில் சுமார் 14 விழுக்காடாக இருக்கும் சிறுபான்மை இனத்தவர் சிறையில் 25 விழுக்காடாக இருப்பதை 2017இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமியின் அறிக்கை காட்டியது. இந்த எண்ணைப் பார்த்ததும் 'அந்த ஆட்களின் மனதில் என்ன இருந்தது' என்று கேட்பவருக்கு உளவியல் ஒத்துவரும். 'நீதிமன்றம் வரை எந்தெந்தப் படியில் இந்த வித்தியாசம் கூடியது' என்று கேட்பவர் குற்றவியலுக்குப் போகலாம். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. திறன் தேர்வெல்லாம் வேண்டாம்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் படிப்பது வீண் ஆசையா? இல்லை. அதற்கு வலுவான வாதம் இங்கிலாந்துச் சிறைகளிலேயே இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளுக்காகச் சிறைகளில் பல ஆண்டுகள் நடந்துவந்த எஸ்ஓடிபி என்ற சிகிச்சைத் திட்டம் உளவியலாளர்கள் கட்டியது. குழுவாக உட்காரவைத்து, செய்த குற்றத்தைப் பற்றிப் பேசவைத்து, சிந்தனையை மாற்றுவது அதன் வழி. 2017இல் நீதி அமைச்சு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற 2,562 பேரை, ஒத்த பின்னணி கொண்ட, சிகிச்சை பெறாத 13,219 பேரோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக எட்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், சிகிச்சை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாதவர்களில் 8 விழுக்காட்டினர். திட்டம் உதவவில்லை, கொஞ்சம் கெடுத்திருக்கவும் கூடும். அதன் முதன்மை வடிவம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

இதை ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. அறைக்குள் என்ன நடந்தது, ஏன் எதிர்விளைவு வந்திருக்கலாம் என்பது உளவியல். ஒப்பீட்டுக் குழுவை எப்படி அமைப்பது, மறுகுற்றத்தை எதை வைத்து எண்ணுவது, பிடிபடாத குற்றங்களை என்ன செய்வது, சரியாக அளந்து பார்க்காமலே ஒரு திட்டம் இத்தனை காலம் எப்படி ஓடியது என்பது குற்றவியல். இரண்டும் தெரிந்தவர்கள் முன்பே போதுமான அளவில் அங்கே இருந்திருந்தால் கேள்வி சீக்கிரம் எழுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த இரண்டையும் ஒரே ஆளாக இணைத்தவருக்கு நல்ல உதாரணம் டேவிட் ஃபாரிங்டன். உளவியல் படித்தவர், கேம்பிரிட்ஜ் குற்றவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். டொனால்ட் வெஸ்ட் 1961இல் தெற்கு லண்டனின் உழைப்பாளர் பகுதியில் 411 சிறுவர்களை எட்டு வயது அளவில் தேர்ந்தெடுத்துத் தொடங்கிய ஆய்வை, அந்தச் சிறுவர்கள் முதியவர்களாகும்வரை கொண்டுபோனவர் அவர். அந்தக் கூட்டத்தில் சுமார் 7 விழுக்காட்டினர்தான் மொத்தத் தண்டனைத் தீர்ப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது. இன்னொருவர் கிஸ்லி குட்ஜான்சன். ஐஸ்லாந்தில் துப்பறியும் காவலராக இருந்து உளவியலுக்கு வந்தவர். விசாரணையில் அழுத்தம் கொடுத்தால் சிலர் ஏன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். குண்டுவெடிப்பு வழக்குகளில் செய்யாத குற்றத்துக்குச் சிறைபோன கில்ட்ஃபோர்ட் நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் போன்றோர் மீதான தவறான தீர்ப்புகள் 1989இலும் 1991இலும் உடைந்த பிறகு, இங்கிலாந்துக் காவல்துறை சந்தேக நபரை விசாரிக்கும் முறையே மாறியது.

சரி, தொலைக்காட்சித் தொடர் பார்த்து, தெரியாத குற்றவாளியின் குணத்தை ஊகித்துச் சொல்லும் 'ப்ரொஃபைலர்' ஆக ஆசைப்படுகிறவர்களுக்கு என்ன சொல்வது? அந்த வேலைக்கு என்று ஒரு படிப்பும் இல்லை, விளம்பரம் வந்து நிரப்பப்படும் பணியிடங்களும் கிட்டத்தட்ட இல்லை. 1992 ஜூலையில் லண்டனின் விம்பிள்டன் காமன் பூங்காவெளியில் ஓர் இளம் தாய் கொல்லப்பட்ட வழக்கில், ஓர் உளவியலாளர் வரைந்த குணச்சித்திரத்தை நம்பி ஒரு பெண் காவலரை ரகசியமாகப் பழகவிட்டு, ஓர் அப்பாவியைக் காவல்துறை குறிவைத்தது. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். இதற்கிடையே, 1993 நவம்பரில், உண்மைக் கொலையாளி இன்னொரு தாயையும் அவருடைய சிறு மகளையும் கொன்றிருந்தான். அவன் விம்பிள்டன் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2008இல். இந்த வழக்கைப் படித்த பிறகும் ஆசை இருந்தால் அது நல்ல ஆசைதான். ஆனால் அது ஆராய்ச்சியாளராகும் ஆசையாக மாறியிருக்கும்.

வேலை

குற்றவியல் பட்டத்துக்கு நம் வீடுகளில் மதிப்புக் குறைவு. அது நியாயமில்லை. நன்னடத்தை அதிகாரி, அதாவது ப்ரொபேஷன் ஆபிசர் வேலைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. அந்தத் துறை 2014இல் பாதி தனியார்மயமாகி, சரியாக நடக்காமல், 2021இல் முழுதாக அரசிடம் திரும்பி வந்தது. அதில் சேர்பவர்கள் சம்பளத்தோடு பயிற்சி பெறலாம். காவல்துறை, இளையோர் நீதிக் குழுக்கள், பாதிக்கப்பட்டோர் உதவி அமைப்புகள், நீதி அமைச்சின் தரவுப் பிரிவு எல்லாம் இதே பக்கம்தான். பிள்ளைக்கு இந்த வேலைகள்தான் பிடிக்கிறது என்றால், ஜிபிசிக்காக மூன்று ஆண்டு மூளை நரம்பியலோடு போராட வேண்டியதில்லை. தனிக் குற்றவியலோ பாதிப் பாதியோ தாராளமாக எடுக்கலாம்.

ஃபொரன்சிக் சைக்காலஜிஸ்ட் ஆகும் எண்ணம் நூற்றுக்கு முப்பது இருந்தாலும் நான் அங்கீகாரம் உள்ள பட்டத்தைத்தான் சொல்வேன். அது தனி உளவியலா கூட்டா என்பது இரண்டாம் கேள்வி. கூட்டுப் பட்டத்தில் நாம் விட்டுக்கொடுப்பது இறுதி ஆண்டின் உளவியல் விருப்பப் பாடங்கள் சில. மருத்துவமனை உளவியல் பக்கம் போகவும் மனம் இருக்கிறதென்றால் அந்த இழப்பு உறுத்தும். அவர்களுக்குத் தனி உளவியல், அதிலும் குற்றம் சார்ந்த விருப்பப் பாடமுள்ள துறையாகப் பார்ப்பது மேல். சிறை, நீதி என்று தெளிவாக இருப்பவர்களுக்கு அங்கீகாரம் உள்ள 'வித்' பட்டம் என் முதல் தேர்வு. முதல் ஆண்டிலேயே குற்றம் பற்றிப் படிக்கத் தொடங்கிவிடுவதால் ஆர்வம் வற்றாது. பட்டம் முடித்த கையோடு சைக்காலஜிஸ்ட் வேலை யாருக்கும் கிடைக்காது என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லி வைக்கலாம். சிறையில் இந்தச் சிகிச்சைத் திட்டங்களை நடத்தும் 'ஃபெசிலிடேட்டர்' வேலையில் ஓரிரு ஆண்டு இருந்துவிட்டு முதுநிலைக்குப் போகிறவர்கள் பலர்.

அப்புறம் சேர்க்கை. உளவியலுக்கு ஜிசிஎஸ்ஈ (பதினாறு வயதுத் தேர்வு) கணக்கில் நல்ல மதிப்பெண் கேட்பார்கள், சில இடங்களில் ஏ-லெவலில் (பதினெட்டு வயதுத் தேர்வு) ஓர் அறிவியல் பாடமும். குற்றவியலுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. பள்ளியில் டபிள்யூஜேஇசி என்ற தேர்வு வாரியத்தின் குற்றவியல் டிப்ளோமா படித்தவர்கள் கவனிக்க வேண்டும்: அதற்கு யூகாஸ் புள்ளிகள் உண்டு, ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏ-லெவலுக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து இடத்துக்கும் ஒரே தன்விவரக் கட்டுரைதான் போகும். 2026 சேர்க்கை முதல் அது மூன்று கேள்விகளாக வந்திருக்கிறது. தனி உளவியல் மூன்று, கூட்டு இரண்டு என்று கலந்து போடுகிறவர்கள் குற்றத்தைப் பற்றி மட்டும் எழுதினால் உளவியல் துறைகள் முகம் சுளிக்கும். நினைவு, சாட்சி, வாக்குமூலம் மாதிரி இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பொருளைப் பிடித்து எழுதலாம். 'முதலில் கூட்டில் சேர்ந்துவிட்டு, பிறகு தனி உளவியலுக்கு மாறிக்கொள்ளலாம்' என்ற பேச்சை மட்டும் வாய்மொழியாக நம்ப வேண்டாம். அது இடம் காலியாக இருப்பதையும் முதல் ஆண்டு மதிப்பெண்ணையும் பொறுத்தது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.