ஆல்கோ பம்பா, யூனிட் இன்ஜெக்டரா? டீசலை மிச்சப்படுத்துவது எது?

ரயில்வே டீசல் ஷெட்டில் ஃபியூயல் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் நான். பழைய ஆல்கோ ரக ரயில் இன்ஜினுக்கு வந்த 17 மி.மீ பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) பம்பு எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல சாமான். முன்பு இருந்தது 15 மி.மீ. பிளஞ்சர் பருத்ததால் அதே அளவு டீசல் குறைந்த நேரத்தில், கூடுதல் அழுத்தத்தோடு சிலிண்டருக்குள் போகிறது. நேரத்தோடு எரிந்து முடிவதால் புகையாக வீணாவது குறைவு.

ஆனால் பம்பை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை எதிர்பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனைதான் நாசில்; அதில் 0.35 மி.மீ அளவில் 9 துளைகள். டெஸ்ட் ஸ்டாண்டில் மாட்டி லீவரை அழுத்தினால், நல்ல நாசில் கிர்ரென்று அதிர்ந்து பனி மாதிரி தூவும், சட்டென்று நிற்கும். நுனியில் ஒரு சொட்டுத் தொங்கினாலும் அதை நான் இன்ஜினுக்கு அனுப்ப மாட்டேன். அந்தச் சொட்டு தாமதமாக எரியும், கரி பிடிக்கும், துளை அடைபடும். அப்புறம் கேலிபிரேஷன்: ஒரே ரேக் (டீசலைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) அளவில், சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள 16 பம்பும் ஒரே அளவு டீசல் தர வேண்டும். இதில் அவசரப்பட்டால் எந்தப் பம்பு போட்டும் பயனில்லை.

டபிள்யூ.டி.ஜி-4 என்ற சரக்கு ரயில் லோகோவில் பம்பும் நாசிலும் ஒரே உடம்பு; இதுதான் யூனிட் இன்ஜெக்டர். இடையில் ஹை பிரஷர் பைப்பே கிடையாது. ஆல்கோவில் அந்தப் பைப்புக்குள் அழுத்தம் எதிரலையாகத் திரும்பி வந்து, மூடிய நாசிலை மறுபடி திறந்துவிடும் ஆபத்து உண்டு. ஜாயிண்டில் கசிவு வேறு. யூனிட் இன்ஜெக்டரில் இந்த இரண்டு தலைவலியும் போய்விட்டன. அதற்காகவே எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

இருந்தாலும் கேம் (சுழலும் தண்டின் மேடு) வைத்து டீசல் தூவும் நேரத்தைக் குறிக்கிற ஏற்பாடு, முழு சக்தி தரும் எட்டாம் நாட்சுக்கு (படிக்கு) பொருந்தினால், வண்டி நிற்கையில் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலுக்குப் பொருந்தாது. சரக்கு வண்டி லூப் லைனில் காத்துக் கிடக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் நாட்சுக்கு நாட்ச் நேரத்தை மாற்றிக் கொடுக்கும். என் கணிப்பில் பெரிய மிச்சம் அங்கேதான். பீகாரின் மர்ஹௌராவில் தயாராகும், எலக்ட்ரானிக் முறை கொண்ட டபிள்யூ.டி.ஜி-4ஜி லோகோ, 12 சிலிண்டரில் 4500 குதிரைத்திறன் தருகிறது. 16 சிலிண்டர் ஆல்கோ லோகோவான டபிள்யூ.டி.எம்-3ஏ தந்தது 3100. டர்போவுக்கும் இதில் பங்கு உண்டு, சரி. ஆனாலும் புது லோகோ வாங்குவதானால் எலக்ட்ரானிக்தான் வாங்க வேண்டும். ஆல்கோ இன்னும் ஓடுகிற இடத்தில் 17 மி.மீ பம்பே போதும், டெஸ்ட் பெஞ்சில் கை தேர்ந்த ஆள் ஒருவரை நிரந்தரமாகப் போட்டால்.