நாராவில் வழிகாட்டியுடன் ஒரு நாள் நடைப்பயணம்: பணம் கட்டுமுன் படிக்கவும்

கடந்த அக்டோபரில், கியோட்டோவிலிருந்து புறப்பட்டு நாரா நகரை வழிகாட்டியுடன் நாள் முழுவதும் நடந்து பார்க்கும் பயணம் ஒன்றுக்கு மூன்று பேருக்குமாக 54,000 யென் கட்டி ஏமாந்தோம். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஏறத்தாழ இதே சொற்களோடும் படங்களோடும் விற்கப்படும் பயணங்கள் வேறு பலவும் கண்ணில் படுவதால், நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நாராவுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. 710 முதல் 784 வரை, இடையில் ஒரு சில ஆண்டுகள் நீங்கலாக, ஹெய்ஜோ-க்யோ என்ற பெயரில் ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர் அது. அங்குள்ள தோதைஜி கோயிலின் மாபெரும் வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்து வைத்தவர், பாரத நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவர் கையிலிருந்த தூரிகையுடன் நீண்ட கயிறு ஒன்றை இணைத்து, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அந்தச் சடங்கில் பங்குகொண்டார்கள். தூரிகை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகிறது. நம் சிற்பிகள் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை அறிந்த எவருக்கும் இது எவ்வளவு நெருக்கமான செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிலையின் முன் ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்று அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்.

எட்டு மணி நேரம், எட்டுப் பேருக்கு மிகாத குழு, அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி, சைவ மதிய உணவு, ரயில் கட்டணமும் நுழைவுக் கட்டணங்களும் உட்பட என்று விளம்பரம் சொன்னது. கோஃபுகுஜி கோயில், தோதைஜி, கசுகா ஆலயம், ஹெய்ஜோ அரண்மனை வளாகம் என்று நான்கு இடங்கள் அதில் இருந்தன. அரண்மனை வளாகம் மற்ற மூன்றுக்கும் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் நடந்தே பார்க்க முடியுமா என்று வரைபடத்தை ஒரு முறை பார்த்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

கியோட்டோ நிலையத்தின் ஹாச்சிஜோ வாயிலில் காலை ஒன்பது மணிக்குக் கூடியபோது நாங்கள் எட்டுப் பேர் அல்ல, பத்தொன்பது பேர். தாமதமாக வந்தவர்களுக்காகக் காத்திருந்து புறப்படும்போது மணி 9.50. வழிகாட்டியிடம் உரிம அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேட்டேன். விடுதியில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். ஜப்பானில் 2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் பெற்றுக்கொண்டு வழிகாட்டலாம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் தேர்வெழுதிப் பதிவு பெற்றவர்கள் பணியின்போது பதிவு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். உரிமம் பெற்றவர் என்று விளம்பரம் செய்து பணம் வாங்கிக்கொண்டு வேறொருவரை அனுப்புவதுதான் மோசடி. இந்த விதி எனக்குத் தெரிய வந்தது ஊர் திரும்பிய பிறகுதான்.

நாராவில் இறங்கியதும் சன்ஜோ தெருவில் கத்தியும் பீங்கானும் விற்கும் ஒரு கடைக்குள் அழைத்துச் சென்றார்கள். என் கைப்பேசிப் படங்களில் பதிவாகியுள்ள நேரத்தின்படி அங்கே ஐம்பது நிமிடம் நின்றோம். அடுத்து ஒரு தேயிலைக் கடை, முப்பது நிமிடம். எழுத்துக் கலைக்கான மைக்கட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் நாரா. அப்படி ஒரு பட்டறையைக் காட்டியிருந்தால்கூட மகிழ்ச்சியோடு பார்த்திருப்போம். இந்தக் கடைகளைப் பற்றிப் பயண நிரலில் ஒரு சொல்கூட இல்லை.

மதிய உணவைப் பற்றிச் சைவ உணவு உண்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே கீரையும் காளானும் மிதந்த உதோன் (சாற்றில் இட்ட தடித்த கோதுமை நூடுல்ஸ்) கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். அம்மா கிண்ணத்தை இரு கைகளாலும் எடுத்து முகத்தருகே கொண்டு போனவர், ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். அந்தச் சாறு சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியில் காய்ச்சியது. மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு அந்த வாடை உடனே பிடிபடும். வழிகாட்டியோ, இறைச்சி இல்லாததால் இது சைவம்தான் என்று வாதிட்டார். கடற்பாசியில் மட்டும் சாறு எடுக்கும் புத்த மடாலயச் சமையல் ஜப்பானில் இருக்கிறது. பதிவு செய்யும்போதே “மீன் சாறும் கூடாது” என்று தனியாக எழுதிக் கேட்காவிட்டால் நம் சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறு.

கோஃபுகுஜியில் 1426இல் மீண்டும் கட்டப்பட்ட ஐந்தடுக்குக் கோபுரம், பல ஆண்டுகள் நீளும் பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டி மூடப்பட்டிருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் அந்தக் கோபுரத்தின் பழைய படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். 734ஆம் ஆண்டைச் சேர்ந்த அசுரர் சிலை உள்ள அருங்காட்சிக் கூடத்துக்குள் நாங்கள் நுழையவே இல்லை.

தோதைஜியில் நடந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தெற்குப் பெருவாயிலின் இருபுறமும் உன்கெய், கைகெய் முதலிய சிற்பிகள் 1203இல் செதுக்கிய, எட்டு மீட்டருக்கும் உயரமான மரக் காவலர்கள் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். புத்தர் மண்டபத்துக்கு முன்னுள்ள நடுவாயிலை அடைந்ததும், “இங்கிருந்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம்” என்றார். நுழைவுக் கட்டணம் எங்கள் தொகையில் அடங்கியிருக்கிறதே என்று கேட்டபோது, நிரலில் “தோதைஜி – பார்வை” என்றுதான் இருக்கிறது, உள்ளே நுழைவதாக எங்கும் எழுதவில்லை என்று பதில் வந்தது. திரும்பும் ரயில் சீட்டுகள் அவரிடம் இருந்தன. உள்ளே போகிறவர்களுக்காகக் குழு காத்திருக்காது என்றும் சொன்னார். அம்மா அந்த வாயிலின் மரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தொலைவில் தெரிந்த மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு தூரம் வந்தும் வாசலோடு திரும்ப வேண்டுமா?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த மண்டபம் 1,300 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது என்று வழிகாட்டி சொன்னது இன்னொரு பிழை. 1180இலும் 1567இலும் அது தீக்கிரையானது. இப்போதுள்ளது 1709இல் முடிக்கப்பட்டது, அகலத்தில் பழையதைவிடச் சிறியது. கசுகா ஆலயத்தை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். அரண்மனை வளாகம் “இன்று மூடியிருக்கிறது” என்றார்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் கியோட்டோவில் இருந்தோம்.

மறுநாள் நாங்களே கிந்தெத்சு ரயிலில் யமாத்தோ-சைதைஜி நிலையத்தில் இறங்கி அரண்மனை வளாகத்துக்கு நடந்தோம். 2010இல் மீண்டும் எழுப்பப்பட்ட அரசவை மண்டபத்தின் வார விடுமுறை திங்கட்கிழமை. எங்கள் பயணம் நடந்ததோ வியாழக்கிழமை. அனுமதி இலவசம். சுஜாக்கு வாயிலின் முன்னே, வயல்களாகிவிட்ட அந்த நிலத்தைக் காப்பாற்றத் தம் வாழ்நாளைக் கொடுத்த தனாதா கஜுரோ என்ற தோட்டக்காரரின் சிலை இருக்கிறது. ஒரு வழிகாட்டி சொல்ல வேண்டியது இவரைப் போன்றவர்களைப் பற்றித்தான். பிற்பகல் தோதைஜிக்குள் சென்றோம். ஏறத்தாழ பதினைந்து மீட்டர் உயரமுள்ள அந்தப் புத்தரின் முன் அம்மா அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றார். அன்றைய மொத்தச் செலவு மூவருக்கும் சேர்த்து 10,000 யென்னைத் தொடவில்லை.

ஆகவே, பதிவு செய்யுமுன் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளே அழைத்துச் செல்வார்களா, வெளியிலிருந்து காட்டுவார்களா, எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய மொழி நிரல்களில் உள்நுழைந்து பார்ப்பதற்கும், இறங்கிப் பார்ப்பதற்கும், வண்டியிலிருந்தபடியே பார்ப்பதற்கும் தனித்தனிக் குறிகள் இடும் வழக்கம் உண்டு. நமக்கு விற்கும் ஆங்கில நிரலில்தான் எல்லாம் ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. பயண முகமையின் பதிவு எண்ணையும் கேளுங்கள். எங்கள் ரசீதில் அது இல்லை. நாராவில் வெளிநாட்டவருக்குக் கட்டணமின்றி வழிகாட்டும் தன்னார்வக் குழுக்களும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்களுடைய போக்குவரத்து, நுழைவுச் செலவை நாம் ஏற்றுக்கொண்டால் போதும்.

நிறுவனத்துக்கு நேரம் பதிவான படங்களோடு புகார் அனுப்பினேன். “பயண நிரல் சூழ்நிலைக்கேற்ப மாறலாம்” என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கடன் அட்டை வங்கியிடம் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன். விளம்பரத்தின் நகலையும் பத்தொன்பது பேர் இருக்கும் குழுப் படத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அந்த விளம்பரமோ அரசவை மண்டபத்தின் படத்துடன் இன்று காலையிலும் அப்படியே இருந்தது.