மைலேஜ் குறைந்ததா? ‘மைலேஜ் பேக்கேஜ்’ என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால், கோளாறு எங்கே என்று தேடாமலேயே பாகங்களை மாற்றி பில் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நடந்தது அதைவிட மோசம். பில்லில் இருந்த வேலைகளில் சிலவற்றைச் செய்யவே இல்லை.

என்னுடையது பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, மெல்ல மெல்ல இறங்கி 11-க்கு வந்துவிட்டது. புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. டயர் காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்ஜின் லைட் மட்டும் எரிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். திரையில் வந்த எரர் கோடு பி0128. அதை அப்போதே போனில் படம் எடுத்து வைத்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, “அது பொதுவா வர்றதுதான் சார், பழைய வண்டி இல்லையா? ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு. மைலேஜ் பேக்கேஜ் போட்டுட்டா பழையபடி ஓடும்” என்றார் அங்கிருந்த தலைமை மெக்கானிக். பேக்கேஜில் ஆக்சிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் வாயுவில் மீதமுள்ள ஆக்சிஜனை அளப்பது), நான்கு இரிடியம் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், ஏர் ஃபில்டர், முன்பக்க பிரேக் சர்வீஸ், கூடவே டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் அடிட்டிவ்.

பி0128-க்குத் தெளிவான பொருள் உண்டு. இன்ஜின் ஓடியும், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வை. கூலன்ட் அளவையும் வெப்ப சென்சாரையும் அதோடு பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு வேறு எண்கள் இருக்கின்றன. ஸ்கேனரைக் கையில் வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

வண்டியைத் திருப்பித் தரும்போது செய்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். டேஷ்போர்டில் காட்டும் சராசரி மைலேஜை ஜீரோ செய்துவிட்டு, காலியான நேர் ரோட்டில் டாப் கியரில் சீராக ஓட்டிக் காட்டினார்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடேறி இருந்தது. திரையில் 17 வந்தது. எந்த வண்டியும் அந்த மாதிரி ஓட்டினால் நல்ல எண்ணைத்தான் காட்டும். இன்ஜின் லைட்டும் அணைந்திருந்தது. அணைத்தது ரிப்பேர் இல்லை, ஸ்கேனரில் எரர் கோடை அழித்ததுதான். அழித்துவிட்டால் காரின் கணினி தன் சுயசோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். சில தடவை ஓட்டிய பிறகுதான் லைட் மறுபடி எரியும். அதற்குள் நாம் பணம் கட்டி வீட்டுக்கு வந்திருப்போம்.

டேங்க் ஃபுல் செய்து, ஓட்டி, அதே பங்கில் மறுபடி ஃபுல் செய்து கணக்குப் போட்டேன். அதே 11. லைட்டும் திரும்ப வந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டி, ஓடும்போது வரும் எண்களைப் பார்க்க வேண்டும் என்று என்னையே ஓட்டச் சொன்னார். கூலன்ட் வெப்பம் 90 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வேகமாகப் போகும்போது 65-க்கு இறங்கியது, சிக்னலில் நின்றால் ஏறியது. காற்று அடிக்க அடிக்கக் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம் என்றார். வெப்பம் ஏறாத வரை இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்றே கணினி எடுத்துக்கொள்ளும், பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருப்பதால் உராய்வும் கூடுதல். இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது, டேங்க் மட்டும் சீக்கிரம் காலியாகும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசி போல மெல்லிசாக இருக்கும். என் கையில் அவர் வைத்தது தடித்த முனையுள்ள சாதாரண நிக்கல் பிளக், ஓரம் தேய்ந்து உருண்டிருந்தது, மேலே உலர்ந்த கரி படிந்திருந்தது. நான்கும் அப்படியே. நான்கையும் மாற்றியதாக பில் என் கையில் இருக்கிறது!

அடுத்தது பிரேக். ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்து, இரண்டு முன்சக்கரத்தையும் கையால் சுற்றினார். வலது சக்கரம் சுலபமாகச் சுற்றியது. இடது சக்கரம் கரகரவென்று உரசி உடனே நின்றது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது, கிரீஸ் வைத்த சுவடே இல்லை. உள்பக்க பேட் தகட்டைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ‘பிரேக் சர்வீஸ்’ என்று பணம் வாங்கிய சக்கரம் இது. பிளக் ஏமாற்று பணத்தோடு போயிற்று. இது உயிர் சம்பந்தப்பட்டது. சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் யார் பொறுப்பு? இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தார்கள், அது உண்மை. ஆனால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறைவதில்லை, வேகமெடுப்பதுதான் பாதிக்கும் என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-லேயே சோதித்துச் சொல்லிவிட்டது. இன்ஜெக்‌ஷனுக்கு முந்தைய கார்புரேட்டர் காலத்து அறிவுரையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் அடிட்டிவ்களையும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிசோதித்திருக்கிறது. பெரிய பலன் எதிலும் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கவனியுங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் சந்தேகப்படுங்கள். ஃபேன் திடீரென்று சுற்றும், கையை ஒதுக்கியே வையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அதேபோல, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்து உரசிக்கொண்டிருக்கிறது.

ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொன்னால், எந்த அளவைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய கார்களில் உள்ள சாதாரண வகை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது, நல்ல நிலையில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்றால்தான் அதை மாற்றும் பேச்சு. என் வண்டியில் அந்த அளவை அவர்கள் திறந்து பார்க்கக்கூட இல்லை. பாகம் எதை மாற்றினாலும் கழற்றியதை என் கையில் கொடுக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லி, ஜாப் கார்டிலும் எழுத வையுங்கள். பிளக் தலையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஸ்கேனர் திரையைக் கட்டாயம் படம் எடுங்கள். எரர் கோடு அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பெரும்பாலான கார்களில் ஸ்கேனரிலேயே பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட், புது கூலன்ட், காலிப்பர் பின், ஒரு செட் பிரேக் பேட். இவ்வளவுதான் என் வண்டிக்குத் தேவைப்பட்டது. இப்போது மறுபடி 14-ஐ ஒட்டித் தருகிறது.

படத்தையும் பழைய பிளக்குகளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “பையன் மாத்தாம விட்டுட்டான் போல சார்” என்றார்கள். பிளக்குக்கும் பிரேக் சர்வீஸுக்கும் வாங்கிய பணம் திரும்பி வந்தது. நன்றாக இருந்த பழைய சென்சாரைக் கேட்டால், தூக்கிப் போட்டாயிற்று என்கிறார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு எழுத்துபூர்வமாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.