போஸ்ட்கிரெஸ் பேக்கப்: டம்ப்பா, பேஸ் பேக்கப்பா, ஸ்னாப்ஷாட்டா?

போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடும் டேட்டாபேஸ் 5 ஜிபி இருக்கும்வரை எந்த முறையில் பேக்கப் எடுத்தாலும் காலம் ஓடிவிடும். அதுவே 500 ஜிபியைத் தாண்டி, ராத்திரி இரண்டு மணிக்கும் ஆர்டர் விழுந்துகொண்டே இருந்தால் கதை வேறு. திரும்ப ஏற்ற எவ்வளவு நேரமாகும், எத்தனை நிமிட டேட்டா போகும் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

எல்லாரும் தொடங்குவது, டேட்டாவையும் அதைத் திரும்பக் கட்டும் கட்டளைகளையும் கோப்பாக எழுதித் தரும் பிஜி_டம்ப் கருவியில். ஆரம்பித்த கணத்தில் டேட்டா எப்படி இருந்ததோ அப்படியே முரணில்லாமல் கிடைக்கும். படிப்பதும் எழுதுவதும் நிற்காது. ஒரு டேபிளை மட்டும் மீட்கவும், புதிய பதிப்புக்கு மாறவும் இதுதான் வசதி. ஆனால் டம்ப் முடியும்வரை ஒரே டிரான்சாக்‌ஷன் திறந்து கிடப்பதால், அதற்குப் பின் செத்த (அழித்த, பழசான) வரிசைகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலையால் துடைக்க முடியாது, டேபிள் ஊதும். நடுவில் யாராவது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை கொடுத்தால் அது லாக்குக்கு (பூட்டுக்கு) காத்து நிற்கும், அதன் பின்னால் வருகிற டேட்டாவைப் படிக்க மட்டுமான சாதாரண செலக்ட்டும் சேர்ந்து நிற்கும்.

திரும்ப ஏற்றும் ரிஸ்டோர்தான் பெரிய தலைவலி. டம்ப்பில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இருக்காது, அதைக் கட்டும் கட்டளை மட்டுமே இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 3 மணி நேரத்தில் எடுத்த டம்ப்பை ஏற்ற 11 மணி நேரம் பிடித்தது. டேட்டா 4 மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது. மிச்ச நேரமெல்லாம் கிரியேட் இண்டெக்ஸ் என்ற வரி திரையில் அசையாமல் நின்றது. வேலையைப் பல கையாகப் பிரிக்கலாம்தான். ஆனால் ஒரே ராட்சத டேபிளின் டேட்டாவை ஒரு கைதான் எடுக்கும்.

பெரிய டேட்டாபேஸுக்கு என் தேர்வு பேஸ் பேக்கப்பும், தொடர்ச்சியான வால் (WAL, மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவேடு) ஆர்க்கைவும். கோப்புகள் இண்டெக்ஸோடு அப்படியே நகலாகும். அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு மாற்றமும் 16 எம்பி வால் கோப்புகளாக வேறிடத்தில் சேரும். மதியம் 2:14-க்கு ஒருவர் எந்த வரிசை என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியைப் போடாமல் டெலீட் அடித்துவிட்டாரா, 2:13 வரை ஓட்டி நிறுத்திக்கொள்ளலாம். டம்ப்பால் இது முடியாது. பதிப்பு 17-இலிருந்து மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் வசதியும் உள்ளேயே வந்துவிட்டது.

இதற்கும் கவனம் வேண்டும். ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தால் வால் கோப்புகள் குவிந்து, டிஸ்க் நிறைந்து, சர்வரே நின்றுவிடும். ஒரு டேபிளை மட்டும் எடுக்கவும் வழியில்லை. மொத்தத்தையும் இன்னொரு சர்வரில் எழுப்பித்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்க் அந்தக் கணத்தில் இருந்தபடியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் சில நொடிகளில் முடியும். டேட்டாவும், வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் டைரக்டரியும் ஒரே கணத்தில் பிடிபட்டாக வேண்டும்; தனித்தனி டிஸ்க்கில் இருந்து இரண்டு நொடி இடைவெளி விழுந்தாலும் அந்த நகலை நம்ப முடியாது. அதே டிஸ்க்கிலேயே இருக்கும் ஸ்னாப்ஷாட், டிஸ்க் போனால் கூடவே போகும்.

முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் நகல் சர்வரான ரெப்ளிகாவை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். டேபிளையே அழிக்கும் டிராப் டேபிள் கட்டளை அங்கேயும் அடுத்த நொடியே போய்ச் சேரும்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் நடந்தது நினைவிருக்கலாம். ரெப்ளிகேஷனைச் சரிசெய்யும்போது, ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவியோ 9.2, அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, டம்ப் போய்ச் சேர வேண்டிய எஸ்3 (அமேசானின் இணையச் சேமிப்பு) பக்கெட் காலி. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் மின்னஞ்சல் சோதனை) சிக்கலால் வந்து சேரவில்லை. காப்பாற்றியது ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலுக்காக 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை வசதி) ஸ்னாப்ஷாட். அதை நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது; ஏறக்குறைய 5,000 ப்ராஜெக்ட்டுகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போயின.

அதைப் படித்த பிறகு என் ஏற்பாட்டை மாற்றினேன். ஞாயிறு முழு பேஸ் பேக்கப், தினமும் வித்தியாசம் மட்டும், வால் கோப்புகள் உடனுக்குடன் வேறொரு சேமிப்பகக் கணக்குக்கு. முக்கியமான பத்து டேபிள்களுக்கு மட்டும் தனி டம்ப். திங்கள் அதிகாலை ஒரு காலி சர்வரில் பேக்கப் தானாக ரிஸ்டோர் ஆகும். கடைசி ஆர்டர் பதிவான நேரத்தை ஒரு கியூரி எடுத்து எனக்கு அனுப்பும். காலை 7 மணிக்குள் அந்தச் செய்தி வராவிட்டால், மற்ற வேலையைத் தொடமாட்டேன்.