பாபநாசம் – புன்னைக்காயல் ஒரு நாள் வேன் டூர்: காலையில் அருமை, மதியத்துக்கு மேல் ஓட்டம்

தாமிரபரணியை 'பிறப்பிடம் முதல் கடல் வரை' ஒரே நாளில் காட்டுகிறோம் என்று நெல்லையில் ஒரு டிராவல்ஸ்காரர்கள் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள், பெயர் வேண்டாம். பிறப்பிடத்தை யாராலும் வேனில் காட்ட முடியாது. அது பொதிகை மலை உச்சிப் பக்கம், காப்புக்காட்டுக்குள், வனத்துறை அனுமதி இல்லாமல் நெருங்க முடியாது. உண்மையில் டூர் தொடங்குவது பாபநாசத்தில்.

ஆனால் காலைப் பொழுதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கூட வந்த கைடு விஷயம் தெரிந்த ஆள். அகஸ்தியர் அருவியில் நிற்க வைத்து, மேலே காரையாறு அணை, சேர்வலாறு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மலையில் பெய்வதால்தான் ஆற்றுப்பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம், 130 கிலோமீட்டர்கூட ஓடாத ஆறுக்கு இவ்வளவு செழிப்பு என்று அவர் விளக்கியது பாடப்புத்தகத்தில் படித்ததைவிட நன்றாகப் புரிந்தது. அப்புறம் திருப்புடைமருதூர். கடனாநதி வந்து கலக்கிற இடம். படித்துறையில் காலைத் தொங்கப்போட்டால் சின்ன மீன்கள் வந்து குதிகாலைக் கொத்துகின்றன, பக்கத்து மருத மரங்களில் பறவைச் சத்தம் காதைப் பிளக்கிறது. இங்கே மட்டும் ஒரு மணி நேரம் விட்டார்கள், நல்ல காரியம்.

திருநெல்வேலியில் சாப்பாடு முடிந்ததும் எல்லாம் அவசரம். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயிலைக் கரையிலிருந்து ஒரு எட்டு பார்த்ததோடு சரி. அல்வாக் கடைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்! குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு சேருகிற சீவலப்பேரிக்குப் போகலாமா என்று கேட்டேன், டிரைவர் காதில் வாங்கவே இல்லை. இந்த ஆற்றின் கதையே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இருக்கிற எட்டு அணைக்கட்டுகள்தான், ஒவ்வொன்றிலும் வாய்க்கால் பிரிந்து வயலுக்குப் போய்ப் போய்த்தான் ஆறு கீழே மெலிகிறது. மருதூர் அணைக்கட்டில் பத்து நிமிஷம் நின்றிருந்தாலே அது விளங்கியிருக்கும். கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்தையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம், மேல்புறம் அமலைச் செடி மூடிய தண்ணீர், கீழ்ப்புறம் பாறையும் மணலும். ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்து, ஆறு கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போன கொற்கைக்கு ஒரு வரி அறிவிப்பு, அவ்வளவே. புன்னைக்காயல் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. முகத்துவாரம் எங்கே, மன்னார் வளைகுடா எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை, கருவாட்டு வாசம் மட்டும் வந்தது.

5க்கு 3 தரலாம், அதில் பாதி கைடுக்காக. போகிறவர்கள் அல்வாவை வேண்டாம் என்று முன்பே சொல்லி, அந்த நேரத்துக்கு மருதூரைக் கேட்டு வாங்குங்கள். பாபநாசம் செக்போஸ்டில் பிளாஸ்டிக் பையைச் சோதிக்கிறார்கள், துணிப்பை கொண்டுபோங்கள்.